சொல்லாது விட்ட நிமிடம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1995 ஏப்ரல் 19ஆம் நாள் கூட்டரசு அலுவலகக் கட்டடம் ஒன்று வெடிகுண்டினால் தகர்க்கப்பட்டது. மாண்டோர் 168 பேர். அவருள் 19 பேர் குழந்தைகள். அவ்விடத்தில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவுத் தோட்டத்தை ஒரு கவிதையைப் படிப்பதுபோலவே படிக்கலாம்.

இருபுறமும் இரு பெருவாயில்கள். ஒன்றில் 9:01, மற்றதில் 9:03. குண்டு வெடித்த 9:02 எந்த வாயிலிலும் இல்லை. இடையே ஆழமற்ற நீர்ப்பரப்பு கிடக்கிறது. அந்த நிமிடத்தை நாமேதான் நடந்து கடக்கவேண்டும். உள்ளுறையை மாணவர்க்கு விளக்கிக் களைத்த ஆசிரியர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். புல்வெளியில் 168 வெற்று நாற்காலிகள், ஒன்பது மாடிகளுக்கு ஒன்பது வரிசைகளாக நிற்கின்றன. அவற்றுள் 19 சிறியவை. அளவே பொருளைச் சொல்லிவிடுகிறது.

எனினும் தோட்டத்தின் உயிர் ஓர் எல்ம் மரத்தில் இருக்கிறது. முன்பு வாகன நிறுத்துமிடத்தில் நின்ற மரம். அதன் நிழலுக்காகவே ஊழியர் சிலர் முந்தி வருவராம்! வெடிப்பில் கருகியது. கிளைகளிற் சிக்கிய தடயங்களுக்காக வெட்டப்படவும் இருந்தது. பின்னர்த் தளிர்த்தது. அதன் விதையினின்று எழுந்த கன்றுகள் ஆண்டுதோறும் வழங்கப்படுகின்றன.

இத்தனையும் மரமே உரைத்தபின், நகரும் நாடும் தோற்கமாட்டா என்னும் கருத்துடைய வாசகத்தை அதைச் சூழ்ந்த சுவரில் பொறித்தது ஏன்? அதனை வெற்று முழக்கம் என்று நான் தள்ளவில்லை. துயருற்ற நெஞ்சின் குரல்தான். ஆயினும் 9:02ஐ எழுதாது விட்ட அடக்கம் இங்கே கைவிடப்பட்டது. சுவரெழுத்தைப் படித்து முடித்தவர் நிமிர்ந்து இலைகளைப் பாராமலே போய்விடக்கூடும்.