யாருடைய பொறுமை?

ஆலோசனை நிறுவனத்திலோ வங்கியிலோ நல்ல வேலை. ஒருநாள் அதை உதறிவிட்டு, ஏழைகளுக்குப் பயன்படும் தொழில்களில் முதலீடு செய்யப் போய்விடுவது. இந்தப் பாதையைச் சொல்லும் தன்வரலாறுகள் இன்று தனி வகைமையாகவே ஆகிவிட்டன. 'சமூகத் தாக்க முதலீடு' என்பதன் ஆங்கிலப் பெயரே 2007இல்தான் உருவானது. அதற்கு இருபதாண்டுகள் முன்பே நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கியை விட்டு ஆப்பிரிக்காவுக்குப் போனவர் ஜாக்குலின் நோவோகிராட்ஸ். 2001இல் அக்யூமன் நிதியத்தைத் தொடங்கினார். 2009இல் வெளிவந்த அவருடைய 'தி புளூ ஸ்வெட்டர்' இந்த வகைமைக்கு முன்மாதிரி எனலாம். ஐந்தொகை பார்க்க எனக்குத் தெரியாது. ஒரு பனுவலில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தமிழ் வகுப்பில் நான் செய்யும் வேலை. அந்த வேலையை இங்கேயும் செய்து பார்க்கிறேன்.

நூலின் உயிர் கிகாலி நகரின் நியாமிராம்போவில் இருந்த ஒரு சிறிய அடுமனையில் இருக்கிறது. சுமார் 20 பெண்கள், நாளுக்கு 50 சென்ட் கூலி, தொண்டு நிறுவனங்களின் பணத்தில் ஓடும் நஷ்டக் கணக்கு. இவர்களை ஊர் பாலியல் தொழிலாளிகள் என்கிறது. உண்மையில் இவர்கள் கணவனில்லாத ஏழைத் தாய்மார்கள், அவ்வளவுதான். இதை நோவோகிராட்ஸ் கண்டுபிடித்து எழுதுகிறார். ஆண்துணையில்லாத ஏழைப் பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர் எல்லாக் கண்டத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவர் தொண்டை நிறுத்தி, விற்பனையைக் கற்றுக்கொடுத்து, கணக்கை நேராக்குகிறார். கூலி நான்கு மடங்காகிறது. இதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். கையில் காசு வருவதன் அருமை கூலிக்காரப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

அப்புறம் கடைக்கு வண்ணம் அடிக்க வேண்டும். என்ன நிறம் என்று கேட்கிறார். பெண்கள் பேசவில்லை. மறுபடி கேட்டும் பதில் இல்லாததால் அவரே நீலத்தைத் தேர்ந்து, எல்லோரும் கூடிச் சிரிப்பும் பாட்டுமாக அடித்து முடிக்கிறார்கள். முடிந்தபின் ஒருவர் மெதுவாகச் சொல்கிறார், தங்கள் நிறம் பச்சை என்று.

தன்னைச் சிறுமைப்படுத்தும் இந்த இடத்தை மறைக்காமல் எழுதியதுதான் நூலின் நேர்மை. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளும் பாடம், பிறர் பேசும்வரை காது கொடுக்கும் திறன் வேண்டும் என்பது. அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பெண்கள் பேசாமலிருந்தது நோவோகிராட்ஸின் காது மந்தம் என்பதாலா? படியளக்கும் கை எதிரே நிற்கும்போது எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்வது சின்ன விஷயமில்லை. மருமகளிடம் மாமியார் "என்ன சமைக்கலாம்?" என்று கேட்பதைப் போன்றது அது. மௌனம் அங்கே கூலி உறவின் இலக்கணம். அந்த உறவைத் தொடாமல் கேட்கும் திறனை மட்டும் வளர்த்தால், அது மேலாளருக்கான பயிற்சியாக முடிகிறது.

இன்னொன்று. ஒரே மாதங்கள், ஒரே அடுப்பின் சூடு. ஒருவருக்கு அது ஸ்டான்ஃபோர்டுக்கும், பிறகு அக்யூமனுக்கும் போகும் படிக்கட்டாகிறது. தோல்விகூட அனுபவம் என்ற பெயரில் வரவில் ஏறுகிறது. ரொட்டி சுட்டவர்களுக்கு அந்த மாதங்கள் எந்தப் பாதையின் தொடக்கமும் இல்லை. 1994இல் இனப்படுகொலை வந்தபோது வெளியேறும் விமானச் சீட்டு அவர்களிடம் இல்லை. நோவோகிராட்ஸ் திரும்பிப் போய்ச் சிறையில் ஆக்னஸைப் பார்க்கிறார். துதெரிம்பெரே என்ற பெண்கள் கடன் அமைப்பை அவரோடு சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர், படுகொலை அரசில் நீதி அமைச்சராக இருந்தவர். நூலில் என்னை உலுக்கிய பகுதி இதுவே. உதவி பெறும் முகமாக இல்லாமல், குற்றமும் அதிகார ஆசையும் உள்ள முழு மனுஷியாக ஒரு ருவாண்டாப் பெண் வருவது இங்கேதான். அடுமனைப் பெண்களுக்கு அந்த முழுமை கிடைக்கவில்லை.

அக்யூமன் தன் பணத்தைப் 'பொறுமையான மூலதனம்' என்கிறது. பல ஆண்டுகள் காத்திருக்கும், கொழுத்த லாபம் கேட்காத பணம். பூமாதேவி மாதிரிப் பொறுத்துப் போ என்று நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லியே வளர்க்கிறார்கள்; அதற்கு யாரும் வட்டி கணக்கிட்டதில்லை. பணம் பொறுத்தால் மட்டும் அது கொள்கையாகி, மேடையேறிவிடுகிறது.

அகமதாபாத்தில் 1974இல் சேவா பெண்கள் தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், பழந்துணி வியாபாரிகள், சுமை தூக்குபவர்கள் என 4,000 பேர், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு. இலா பட் வழக்கறிஞர், படித்தவர். ஆனாலும் வங்கி வேண்டும் என்ற யோசனை அந்தப் பெண்களிடமிருந்து வந்ததாகவே அவர் சொல்லிவந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, பதிவுக்குப் போக வேண்டியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள்.