உறுமி அடித்தவர் யார்?

எம்.ஐ.ஏ.யைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் எங்காவது ஓரிடத்தில் அந்த வாக்கியம் வந்துவிடுகிறது: ‘நம் உறுமியை உலகத்துக்குக் கொண்டுபோனவர்.’ மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யின் இரண்டாவது ஆல்பமான ‘கலா’ 2007 ஆகஸ்டில் வெளியானது. இத்தனை வருஷமாகியும் அந்த வாக்கியம் தேயவில்லை. தமிழ் ராப் வளர வளர, அதற்கு ஒரு பூர்வீகம் தேடுகிறவர்கள் பெருகப் பெருக, இன்னும் மெருகேறிக்கொண்டிருக்கிறது. உறுமியின் ஓசை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது உண்மைதான். கூட யார் போனார்கள், யார் கோடம்பாக்கத்திலேயே நின்றுவிட்டார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். ‘கலா’ சாதாரண ஆல்பம் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதை முதலிடத்தில் வைத்ததில் தப்பு சொல்ல மாட்டேன். அதிலிருந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி பரிந்துரையும் பெற்றது. முதல் ஆல்பமான ‘அருளர்’ வந்தபோது, எல்லாவற்றையும் செய்தவர் தயாரிப்பாளர் டிப்ளோதான் என்று எழுதித் தள்ளிய பத்திரிகைக்காரர்களை 2007இல் எம்.ஐ.ஏ. பேட்டியிலேயே வைத்து விளாசினார். நியாயமான கோபம். ஒரு பெண் தன் கையால் போட்ட இசைக்குப் பக்கத்தில் நின்ற ஆணின் பெயரை எழுதுவது இன்றைக்கும் நடக்கிறது. ‘கலா’வில் பெரும்பாலான பாட்டுகளுக்கு உடனிருந்தவர் ஸ்விட்ச் என்ற லண்டன்காரர்; ஆனால் அந்த ஆல்பத்தின் மூளை எம்.ஐ.ஏ.யுடையது. அதிலும் சந்தேகமில்லை.

ஆல்பம் உருவான கதையை எல்லோரும் அறிவார்கள். அமெரிக்காவில் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் உட்கார்ந்து செய்வதாக இருந்த வேலை. 2006இல் விசா சிக்கலாகிப்போனது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று கிளம்பினார். போன இடமெல்லாம் ஒலி பிடித்தார். அமெரிக்கா கதவைச் சாத்தியதால் உலகம் கதவைத் திறந்தது என்ற பாணியில் இந்தக் கதை சொல்லப்பட்டு இன்றைக்கு ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புராணத்தில் ஊர்கள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. சென்னை என்றால் மேளம், ஜமைக்கா என்றால் ஆட்டம், லைபீரியா என்றால் துப்பாக்கி. என் பிணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

‘பாய்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏ.ஆர். ரஹ்மானின் கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் உறுமிக் கலைஞர்களை வரவழைத்து அடிக்கவைத்துப் பதிவுசெய்ததன் மேல் எழுந்த பாட்டு. உறுமி எப்படிப்பட்ட வாத்தியம் என்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. இடை ஒடுங்கிய மத்தளம்; ஒரு முகத்தில் வளைந்த குச்சியை இழுத்துத் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து எழும் முனகல், மறு முகத்தில் அடி. ஊர்க்கொடையில் அது வாசிக்கப்படும்போது வாசிப்பவரின் கண் குச்சியில் இருக்காது. சாமியாடியின் முகத்தில் இருக்கும். கால் நடுங்கத் தொடங்கியதும் அடி நெருங்கும். அருள் ஏறுவதற்கு ஏற்ப நடை மாறும். ஒரு கட்டத்தில் எல்லாம் உடைந்து கொட்டும். உறுமியின் கலையே அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது.

‘பாய்ஸி’ல் நடப்பது என்ன? அந்த அடியிலிருந்து சில விநாடிகளை நறுக்கி, நாலு எண்ணிக்கைச் சதுரத்துக்குள் ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்கள். ஏறிப் போய் எங்கேயோ உடைய வேண்டிய அடி, ஏறத் தொடங்கும் முன்னே முதலுக்குத் திரும்பிவிடுகிறது. மேலே எம்.ஐ.ஏ. ஆங்கிலத்தில் பேசுகிறார்: இதில் எத்தனை பையன்கள் முரடர்கள், எத்தனை பேர் சண்டையைத் தொடங்குகிறவர்கள் என்று. நடனக்கூடத்தில் கேட்டால் உடம்பு தானாக ஆடும், மறுக்கவில்லை. ஆனால் உறுமி அங்கே மொழி பேசவில்லை, சூடேற்றுகிறது, அவ்வளவுதான்.

‘பேர்ட் ஃப்ளூ’வின் கதை இன்னும் வேடிக்கை. கோழிச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கொட்டும் கலந்த அந்தப் பாட்டைக் கேட்ட மேற்கத்திய விமர்சகர்கள் பலருக்குத் தெருவும் கிராமமும் அப்படியே உள்ளே வந்துவிட்டதாகத் தோன்றியது. அதில் எடுத்தாளப்பட்டிருப்பது 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்துத் திருவிழாப் பாட்டு. இசை ஆர்.பி. பட்நாயக். அதாவது, தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு வணிகப் படம் திருவிழா என்று கற்பனை செய்ததன் துண்டு. ‘பேம்பூ பங்கா’வில் ‘தளபதி’ படத்தின் காட்டுக்குயில் பாட்டு வருகிறது. பொங்கலைக் கொண்டாட இளையராஜா போட்டுக் கொடுத்தது. சினிமாவிலிருந்து எடுப்பது குற்றமே இல்லை. நம் வீட்டுக் கல்யாணமே சினிமாப் பாட்டில்தான் நடக்கிறது. ஆனால் கோடம்பாக்கம் சமைத்ததைக் கிராமத்து மண் என்று நினைத்துப் புகழ்கிறவர்களை நம்பி, நாமும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் விநோதம்.

இந்த ஆல்பத்தில் யார் யார் வாய் திறக்கிறார்கள் என்று ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். ‘ஹஸல்’ பாட்டில் ஆஃப்ரிகன் பாய் வருகிறார், லண்டன்வாழ் நைஜீரிய இளைஞர்; தன் பிழைப்பைத் தன் உச்சரிப்பிலேயே சொல்கிறார். ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ பாட்டில் வில்கேனியா மாப் வருகிறது, ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்கள். ஆற்றங்கரைக்குப் போவதையும் மீன் பிடிப்பதையும் தங்கள் பேச்சில் பாடுகிறார்கள். டிம்பலாண்டும் கடைசியில் வந்து தன் பங்குக்குப் பேசிவிட்டுப் போகிறார். இவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு, குரல் உண்டு. ஆல்பத்தின் முதல் பாதியைத் தோளில் சுமக்கும் உறுமிக்காரர்களுக்கு? நான் படித்த எத்தனையோ விமர்சனங்களில் அவர்கள் ‘கோயில் மேளக்காரர்கள்’ அல்லது ‘தமிழ்நாட்டுத் தாளம்’. ஒரு பெயர் இல்லை. ஒருவர்கூட ஒரு வரி பாடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

வில்கேனியாச் சிறுவர்களுக்குச் செய்ததை எம்.ஐ.ஏ.யால் இங்கேயும் செய்திருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தச் சிறுவர்களின் பேச்சுவழக்கு அவருக்குப் பழக்கமில்லை. உறுமிக்காரர்களின் மொழி அவருடையது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், சிறுவயதில் கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்தவர், 1986இல் அகதியாக லண்டன் போனவர். கோடம்பாக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே உலகப் பாடகி அவர்தான். மற்ற ஊர்களில் விருந்தாளியாக நடந்துகொண்டவர், உரிமையுள்ள ஊரில் ஏற்றுமதியாளர்போல நடந்துகொண்டிருக்கிறார்.

‘ஹிப் ஹாப்பே வெட்டி ஒட்டும் கலைதானே’ என்பார்கள். சரிதான். பிராங்க்ஸ் இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளைச் சுழலவிட்டுத்தான் ஒரு கலையைப் பிறப்பித்தார்கள். ஆனால் அதே கலையின் மறுபாதி பெயர் சொல்வது. தன் பெயர், தன் தெரு, கூட இருந்தவன், செத்துப்போனவன், துரோகம் செய்தவன் என்று எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் கலை ராப். ராப் பாடகர் ஒருவரின் ஆல்பத்தில் பெயரற்றவர்கள் இருந்தால் அது அந்தக் கலையின் மரபுக்கே விரோதம்.

‘பேப்பர் பிளேன்ஸை’யே பாருங்கள். அதன் அடித்தளம் தி கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. அதற்காக அந்தக் குழுவின் நான்கு பேருக்கும் பாடலாசிரியர் பட்டியலில் இடம் உண்டு. பதிப்புரிமை உள்ளவருக்குப் பெயர் வரும். அன்றைய கூலி வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனவருக்கு வராது. இசைத்தொழிலின் பொது வழக்கம் அது, எம்.ஐ.ஏ. கண்டுபிடித்தது இல்லை. ஆனால் மூன்றாம் உலகத்தின் குரல் என்று கொண்டாடப்படுகிறவர் அந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டார் என்றால், அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கத்தான் வேண்டும்.

‘ஜிம்மி’யில் அவரே இதைக் கிண்டல் செய்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்கு பப்பி லஹிரி போட்ட மெட்டில், இனப்படுகொலை நடந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிடும் ஒருவனைப் பற்றிப் பாடுகிறார். துயரத்தைச் சுற்றுலாவாக்குகிறவர்களை அவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர், இருபது டாலருக்குத் துப்பாக்கி கிடைக்கும் லைபீரியாவை இன்னொரு பாட்டில் ஒரு தகவலாக வீசிவிட்டு நகர்கிறார். அந்த ஊரில் அவர் யாரைச் சந்தித்தார், என்ன பேசினார் என்பது பாட்டில் இல்லை. அதைவிடப் பெரிய மௌனம் ஒன்றும் இருக்கிறது. 2006இல் இலங்கையில் மறுபடி போர் மூண்டுவிட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்த ஆல்பத்தில் உலகத்துப் போர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சாடை உண்டு. வன்னிக்கென்று தனியாக, ஊர் பெயர் சொல்லி ஒரு பாட்டு இல்லை. எல்லா இடத்தையும் பற்றிப் பேசும்போது எந்த இடத்தைப் பற்றியும் பேசாமல் இருந்துவிடலாம்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ மட்டும் ஏன் இத்தனை வருஷம் நிற்கிறது? அதில் பயணம் இல்லை. விசா ஜன்னல், போலிக் காகிதம், குடியேறியவனைக் கண்டால் திருடன் என்று நினைக்கும் பார்வை: எல்லாம் அவர் அடிபட்டு அறிந்த விஷயங்கள். துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் பிள்ளைகளின் குரலோடு அடுத்தடுத்து விழும்போது, ஓர் அகதியைப் பற்றி வெள்ளைக்காரன் மனதில் ஓடும் பயம் முழுவதும் அந்த இரண்டு ஒலியில் வந்துவிடுகிறது. தெரிந்ததைப் பற்றி எழுதியபோது அவருக்குக் கூட்டம் தேவைப்படவில்லை, மேளமும் தேவைப்படவில்லை.

ஆல்பத்தின் பெயர் அவருடைய அம்மாவின் பெயர். கணவர் இயக்கத்துக்குப் போய்விட, மூன்று பிள்ளைகளைப் போருக்குள்ளும் பிறகு லண்டனிலும் தனியாக வளர்த்தவர் கலா. 2019இல் எம்.ஐ.ஏ.வுக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டபோது, அரண்மனை கொடுக்கும் அந்தப் பதக்கங்களைக் கையால் தைத்தவர்களில் தன் அம்மாவும் ஒருவர் என்று சொன்னார். பதக்கம் அணிகிறவர் பெயர் பத்திரிகையில் வரும். தைத்தவர் பெயர் வராது. மகள் அதைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை வந்தது. அதே மூச்சில், அந்த அம்மாவின் பெயரைத் தாங்கிய ஆல்பத்தில் கைவேலை செய்த மேளக்காரர்கள் எங்கே என்ற கேள்வியும் வந்தது.

பழைய ஆல்பத்துக்கு இவ்வளவு சண்டை எதற்கு என்று கேட்கலாம். 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு வந்தது. ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளைப் பெயர் சொல்லி அழைத்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் வரலாற்றைப் பாட்டாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவருடன் அதைப் பாடிய தீயும் இன்னொரு ராப் பாடகரான ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. தமிழ்நாடே கேட்டது, பாட்டு யாருடையது என்று. கேட்க வேண்டிய கேள்வி. அதை அறிவுக்காகக் கேட்டவர்கள் ‘கலா’வுக்கு வந்ததும் உறுமியை உலகுக்குக் கொண்டுபோனார் என்று கைதட்டுகிறார்கள். எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், அடிக்கத் தெரிந்தவனுக்கு இன்னொரு நியாயமா? மேளம் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதற்கும் இந்தப் பாரபட்சத்துக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எம்.ஐ.ஏ. வந்து பதில் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே இசை வரலாறு எழுதுகிறவர்களிடம்தான் கேட்கிறேன். அந்தப் பதிவில் வாசித்தவர்களில் பலர் இன்றும் ஏதாவது ஓர் ஊர்க்கொடையில், ஒரு சாவு வீட்டில், ஒரு கட்சி ஊர்வலத்தில் உறுமி அடித்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. கோடம்பாக்கத்தில் விசாரித்தால் ஆள் பிடித்துக் கொடுக்க ஒரு மேள ஏஜெண்டாவது கிடைப்பார். போய்ப் பாருங்கள். அன்றைக்கு என்ன வாசித்தார்கள், எவ்வளவு கூலி, அந்தப் பாட்டைப் பிறகு கேட்டார்களா என்று கேளுங்கள். பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை எழுதுங்கள்.