ஏரிக்கு உரியவர் யார்? குடிமராமத்து என்னும் கருத்தாக்கமும் திருநின்றவூர் ஏரியும்

நீர்நிலை மேலாண்மை குறித்துத் தமிழில் வெளிவரும் ஆய்வுக்கட்டுரைகளுள் பல உத்திரமேரூரில் தொடங்கிக் குடிமராமத்தில் முடிகின்றன. சோழர் காலத்தில் ஊரார் தம் ஏரியைத் தாமே பேணினர்; ஆங்கிலேயர் அம்முறையைச் சிதைத்தனர்; இன்று அதனை மீட்டெடுத்தல் வேண்டும் என்பது அவற்றின் பொது வாய்பாடு. இவ்வாய்பாட்டில் 'ஊரார்' என்னும் சொல் யாரைச் சுட்டுகிறது என்பது வினவப்படுவதே இல்லை. சென்னையின் மேற்குப் புறநகரான திருநின்றவூரின் ஏரியை முன்னிறுத்தி அவ்வினாவை எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் உத்திரமேரூரை நோக்குவோம். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்குக் குடவோலை வழி உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விரிவாக உரைக்கின்றன. ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தது என்பதும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர் என்பதும் வியந்து போற்றத்தக்கனவே. ஆயினும், அதே கல்வெட்டு கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையிலான அகவை, வேதப் பயிற்சி ஆகியவற்றைத் தகுதிகளாக வரையறுக்கிறது. இது பிரமதேய ஊரொன்றின் சபை. கரைக்கு மண் சுமந்தவர்க்கும் வயலில் நாற்று நட்டவர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இத்தகுதிப் பகுதியை விடுத்து வாரியப் பெயர்களை மட்டும் எடுத்தாள்வது கல்வெட்டைப் பாதி படிப்பதாகும்.

அடுத்து, 'குடிமராமத்து' என்னும் சொல். 'மராமத்து' அரபு மூலம் கொண்டது. சோழர் கால வழக்காக இருத்தற்கு வழியில்லை. சொல் பிந்தியது என்பதனால் செயலும் பிந்தியது என்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அச்செயல் எதனால் நிலைபெற்றது என்பது இன்றியமையாத வினா. செங்கல்பட்டுப் பகுதியின் ஏறத்தாழ 2000 ஊர்களைக் குறித்துத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவாய்வும், அதனையொட்டிய ஊர்க் கணக்குகளும் ஒரு விடை தருகின்றன. விளைச்சலைப் பங்கிடுமுன் ஊர்ப் பணிகளுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் ஒதுக்கப்பட்ட பங்குகளுள் நீர்நிலைப் பராமரிப்புக்கான பங்கும் ஒன்று. ஆக, ஏரியைத் தாங்கியது ஊராரின் நல்லெண்ணம் மட்டுமன்று. ஏரியின் பயனிலிருந்தே ஏரிக்குத் திரும்பிய பொருளும் ஆகும். கும்பெனியின் வருவாய் ஏற்பாடுகள் இப்பங்குகளை அரித்தன. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமோ கரை உடையும் நிலையில் ஊரார் உழைத்தே ஆகவேண்டும் என்றது. வழக்கமான மராமத்து உழைப்பை மறுப்போர்க்குத் தண்டமும் விதித்தது. பொருளை அரசு எடுத்துக்கொண்டது. கடமையை ஊரிடம் விட்டுவைத்தது. குடிமராமத்தின் வீழ்ச்சியைக் குடியானவரின் சோம்பலாகவோ ஒற்றுமைக் குலைவாகவோ விளக்கும் எழுத்துகள் இப்புள்ளியைத் தவறவிடுகின்றன.

2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கிவைக்கப்பட்ட குடிமராமத்துத் திட்டம் இவ்வரலாற்றின் அண்மைய இயல். முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாசனதாரர் தம் பங்காகப் பத்தில் ஒரு பகுதியைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்கவேண்டும் என்பது நெறி. தூர்வாரப்பட்ட ஏரிகள் உண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று. எனினும், பங்களிப்புக் கோரப்பட்ட அளவுக்கு உரிமை பகிரப்படவில்லை. மீன்பாசிக் குத்தகை, வண்டல்மண் எடுக்கும் அனுமதி, கரைமரங்களின் பயன் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் துறைகளிடமே நின்றது. 1858இன் சமன்பாடு மென்மையான மொழியில் திரும்பி வந்தது என்று சொல்வது மிகையாகாது.

இனித் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனத்துள் கோயில் எழுப்பிய தலம் என்பது பலரும் அறிந்தது. (ஏட்டில் மட்டும் வாழும் பாசனச் சங்கங்களைக் காணும்போது அக்கோயில் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.) பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியான இவ்வூரில், புறநகர் இரயில் தடமும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும் நிலத்தின் விலையையும் பயனையும் மாற்றிவிட்டன. ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. வரத்துக்கால்வாய்கள் தெருக்களின் ஓரம் ஒடுங்கின. 2021 நவம்பர் மழையில் ஏரியையொட்டிய பெரியார் நகர் முதலிய குடியிருப்புகளை வெள்ளம் சூழ்ந்தது. உழவர்க்கு ஏரி நிரம்புதல் பேறு. தாழ்வான மனையில் வீடு கட்டியவர்க்கு அதுவே அச்சம். கலிங்கின் உயரம் ஓரடி கூடினால் ஒருவர்க்கு இன்னொரு போகத்துக்கு நீர், மற்றவர்க்கு வீட்டுக்குள் நீர். மீன்பிடிப்போர், ஆடுமாடு மேய்ப்போர், நிலத்தடி நீரை நம்பி ஆழ்துளைக் கிணறு இட்டோர் எனப் பிறரும் உளர். இவர்களுள் 'சமூகம்' எது?

எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் பொதுவளம் நீடித்து நிற்பதற்கான நெறிகளுள் முதலாவதாக வைத்தது, வளத்தின் எல்லையும் பயனாளரின் எல்லையும் தெளிவாயிருத்தல் என்பதாகும். அந்நெறியைத் தமிழக ஏரிகளுக்குப் பொருத்தும் கட்டுரைகள் ஆயக்கட்டையே பயனாளரின் எல்லையாக எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டு விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டமும் (2000) அவ்வாறே பாசன நிலவுடைமையை அடிப்படையாகக் கொண்டது. உத்திரமேரூரின் கால் வேலி வேறு வடிவில் இங்கும் நிற்கிறது. நெல் விளையும் ஊரில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. வயல் மறைந்த புறநகரில் இது வெற்றுச் சட்டகம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி ஏரிகளை ஆய்ந்த டேவிட் மாஸ், 2003இல் வெளிவந்த தம் நூலில், ஏரி மேலாண்மை சாதிப் படிநிலையோடும் அரசதிகாரத்தோடும் பின்னிப் பிணைந்தது என்பதைக் காட்டினார். அவருடைய எச்சரிக்கை தமிழ்க் கட்டுரைகளில் மேற்கோளாக இடம்பெறுமளவுக்கு வாதமாக இடம்பெறவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றைப் புறக்கணிக்க இயலாது. ஏரியின் நீர்ப்பிடிப்பில் வீடு கட்டியவரையும் 'சமூகம்' என ஏற்றால், ஆக்கிரமிப்புக்கு வாக்குரிமை அளித்ததாகாதா? 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுப்பணித்துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளை அளந்து எல்லை வகுக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் வழிசெய்கிறது. அவ்வெல்லையைத் தளர்த்துமாறு இக்கட்டுரை கோரவில்லை. ஆனால் ஏரி எல்லைக்குள் இருப்பவரும் எல்லைக்கு வெளியே பட்டா பெற்றுத் தாழ்நிலத்தில் வாழ்பவரும் ஒருவரல்லர். முன்னவர் குறித்து அகற்றலும் மாற்றிடமும் பேசப்படவேண்டும். பின்னவர்க்குக் கலிங்கு, மதகு, வடிகால் பற்றிய முடிவில் இடம் வேண்டும். இருவரையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு விலக்குவதே நடைமுறையாகியுள்ளது.

ஊராட்சியாயின் கிராம சபையில் ஏரியைப் பேசலாம். நகராட்சியில் அதற்கு ஈடான மன்றம் நெடுங்காலம் இல்லை. 2022இல் வகுக்கப்பட்ட வார்டு குழு, பகுதி சபை விதிகள் அவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. அங்கும் இடர் உண்டு. தெருவிளக்கும் குப்பையும் நகராட்சியின் பொருள். பெரிய ஏரியோ நீர்வளத் துறையின் பொருள். பகுதி சபையில் கலிங்கைப் பற்றித் தீர்மானம் இயற்றினாலும் மதகின் திறவுகோல் வேறிடத்தில் உள்ளது. ஏரியின் நீர்மட்டம், திறப்பு நாள், குத்தகை வருவாய் ஆகிய மூன்றையும் நீர்வளத் துறை பகுதி சபையின் முன் வைத்தாக வேண்டும் என ஒரு விதி சேர்ந்தால், உத்திரமேரூர்க் கல்வெட்டின் கணக்குக் காட்டும் விதியேனும் திருநின்றவூரில் செயற்படும்.