கை கற்ற கல்வி

கொல்லிமலையின் செம்மேட்டில், அம்மலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஓரம்பால் துளைத்த அவனைப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். அதே கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஒருவரின் கைத்திறனும் அந்த அம்பைப் போலவே மரம், கல், தசைநார், செருப்பு என ஒவ்வொன்றாகத் துளைத்துச் சென்றது. அவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் இம்மலையில் பணிசெய்த மிஷனரி. வைத்தியமும் பார்ப்பார், வீடும் கட்டுவார். கரையான் ஏறாதிருக்க, வீட்டைத் தாங்கிய கால்களின் உச்சியில் வாணலிகளைக் கவிழ்த்து வைத்தவர். ஒன்றுக்கென்று செய்த பொருளை வேறொன்றுக்கு வழிமாற்றும் அந்தப் புத்தி மகனுக்கும் வந்தது. ஒன்பது வயதில் இங்கிலாந்து போன பால், மருத்துவம் படிக்குமுன் சில ஆண்டுகள் தச்சும் கொத்துவேலையும் பயின்றார்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையை நீட்டி அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. உள்ளங்கையின் சிறுதசைகள்தாம் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகளில் வலு குறையவில்லை. செத்துவிட்டதாக எல்லோரும் கைவிட்ட கையில் எது உயிரோடிருக்கிறது என்று தேடியதே அவருடைய படைப்பின் முதல் அடி.

அடுத்தது கைவேலை. உயிருள்ள தசையின் நாரைப் பிரித்து, உள்ளங்கை வழியே கொண்டுபோய் விரலில் தைத்தார். நான் மிகவும் ரசிப்பது அந்தத் தையலின் இழுப்பை. சற்றுத் தளர்ந்தால் விரல் நிமிராது. சற்று இறுகினால் மடங்காது. நடுவிலுள்ள அந்த மயிரிழை அளவை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லித்தராது. மரத்தின் இழையோட்டத்தை மதித்து இழைப்புளி பிடித்துப் பழகியவருக்கு, அது கையிலேயே இருந்தது.

அவர் அறுவை அரங்கோடு நிற்கவில்லை. தொழுநோயாளரின் மறுவாழ்வுக்கென்று தொடங்கிய நவஜீவ நிலையத்தில், குணமான கைகள் மரப்பொம்மை செய்யப் பழகின. அங்கே கருவிகளின் பிடியில் கை புண்ணாவதைக் கவனித்தபோது இன்னொன்றும் தெளிந்தது: விரல்களைத் தின்றது நோயல்ல, வலி தெரியாமையே. வலியறியாத பாதத்துக்கும் அதே கதிதான். நடக்கும்போது பாதத்தின் பாரம் ஓரிடத்தில் குவியாமல் பரவவேண்டும் என்ற கணக்கிலிருந்து மென்மையான ரப்பர் செருப்பு பிறந்தது. தொழுநோய் மருத்துவமனைகளில் இன்றும் வழங்கும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததே.

பின்னாளில் அமெரிக்காவில், அழுத்தத்தை உணர்த்தும் கருவிகள் பொருத்திய கையுறையால் செயற்கை வலியை உண்டாக்க முயன்றார். அது கைகூடவில்லை. அந்தத் தோல்வி வலியின் மீது அவருக்கிருந்த வியப்பைக் கூட்டியது; வலியை ஒரு கொடை என்றே எழுதினார்.

கலைக்கும் அறிவியலுக்கும் பொதுவான படைப்பு ரகசியம் ஏதும் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் பிராண்டையே காட்டுவேன். கருத்துகள் துறைக்குத் துறை மாறும். பொருளின் குணமறிந்து அதற்கு இணங்கி நடக்கும் பழக்கம் எத்துறைக்கும் கூடவே வரும். மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளையைச் சில மாதம் தச்சுப்பட்டறைக்கு அனுப்பினால், அது படிப்பில் சேர்ந்த காலமாகவே இருக்கும்.