மன்னார்த் தவறணைக்கு ஒரு பெயர்ப்பலகை

பெருநகரங்களில் ஒளிந்திருக்கும் மதுக்கூடங்களையும் பலகை மாட்டாத உணவகங்களையும் தேடிப்பிடிப்பது இன்று பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, சட்டத்துக்கு அஞ்சி மதுக்கூடங்கள் மறைந்து இயங்கின. 2007இல் நியூயோர்க்கில் தொடங்கிய ‘பிளீஸ் டோன்ட் டெல்’ என்ற மதுக்கூடத்துக்கு அந்த அச்சம் இல்லை. ஆனாலும் ஹொட்டோக் கடை ஒன்றின் தொலைபேசிக் கூண்டு வழியாகத்தான் அதற்குள் நுழைய வேண்டும். அங்கே மறைவும் விற்பனைப் பொருள்.

இந்தத் தேடல் மன்னாருக்கும் வந்துவிட்டது. போர்க்காலத்தில் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் மறுபடி ஓடத் தொடங்கியது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் வங்காலைப் பறவைகளையும் பார்க்க வருகிறவர்களில் சிலர், வெளியாருக்குத் தெரியாத கள்ளுத் தவறணை எங்கே, வீட்டுக் குசினியில் நண்டுக்கறி சமைத்துத் தருவது யார் என்று விசாரிக்கிறார்கள். கண்டதைக் காணொளியாக்கிப் பரப்புகிறார்கள். இந்தப் பழக்கத்தால் ஊருக்கு நன்மையா, கேடா?

தவறணை ரகசிய இடம் அல்ல. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டு, உரிமத்தோடு நடப்பது. ஊரவருக்கு அதன் வழி நன்றாகத் தெரியும். கோயிலும் பள்ளிக்கூடமும் அருகில் இருக்கக் கூடாது என்பதால் அது ஒதுங்கி நிற்கிறது என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். கள் இறக்குகிறவர்களைச் சாதியின் பெயரால் தள்ளிவைத்த சமூகம், அவர்கள் இறக்கியதை அருந்தும் இடத்தையும் கண்மறைவில் வைத்தது. நியூயோர்க் மதுக்கூடம் தானாக விரும்பி ஒளிந்தது. நமது தவறணை ஒளித்துவைக்கப்பட்டது. இதை அறியாமல் வருகிறவர் கண்ணில் சுவை மட்டுமே படும், அதன் பின்னால் இருக்கும் மனிதர்கள் படமாட்டார்கள்.

இந்தத் தேடலின் முதல் நன்மை, இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு தொழிலின் திறமை வெளிச்சத்துக்கு வருவது. தளநாரைக் காலில் மாட்டி மரமேறி, பாளையைப் பதமாகச் சீவி, முட்டி கட்டுவது பல ஆண்டுப் பயிற்சியில் வரும் கைவேலை. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள். இறக்கிய கள் நேரம் போகப் போகப் புளித்து, கடைசியில் வினாகிரியாகிவிடும். அதன் நல்ல சுவை வேண்டுமானால் பனையடிக்கே வரத்தான் வேண்டும். அப்படி வருகிறவர் தரும் காசு ஊரிலேயே தங்கும். கேரளத்தில் கள்ளுக்கடைகளின் மீன்கறிக்கும் கப்பைக்கும் பெயர் பரவியபின், பல கடைகளுக்குக் குடும்பங்களே சாப்பிட வருகின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளுக்குத் தடை. அங்கே பனையேறிகள் கள் இறக்கும் உரிமைக்காகப் போராடுகிறார்கள். நமக்கு அந்த உரிமை இருக்கிறது, அதற்குரிய மதிப்பைத்தான் நாம் இன்னும் கொடுக்கவில்லை.

கேடுகளும் சிறியவை அல்ல. பனை ஒரு பருவத்தில்தான் பாளை தரும். ஏறுகிற கைகளும் குறைந்து வருகின்றன. ஒரு காணொளியைப் பார்த்துப் பத்து மடங்கு ஆட்கள் வந்தால் பனை பத்து மடங்கு சுரக்காது. அந்த இடைவெளியில்தான் கலப்படம் நுழைகிறது. இலங்கையும் கேரளமும் கலப்படக் கள்ளோடு நெடுங்காலமாகப் போராடி வருகின்றன.

அடுத்தது, படம் எடுக்கப்படுகிறவரின் சம்மதம். வேலை முடிந்து ஒரு பிளா கள் குடிக்க வந்தவரின் முகத்தைக் கேளாமல் ஊரெல்லாம் காட்டுவது அநீதி. சின்ன ஊரில் அந்தப் படம் அவருடைய வீட்டுக்குள்ளும் பிள்ளையின் வகுப்பறைக்குள்ளும் போய்ச் சேரும்.

‘வேறெங்கும் கிடைக்காதது வேண்டும்’ என்ற ஆசையின் ஆபத்து இதைவிடப் பெரியது. மன்னார்க் கடலில் ஆமையும் கடற்பசுவும் ஒரு காலத்தில் உணவாக இருந்தன. இன்று அவை சட்டம் காக்கும் உயிர்கள். மறைவான சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க ஒருவர் வந்தால், அவற்றுக்கு வலைவீச இன்னொருவர் துணிவார். மறைவான மதுவுக்கும் இதுவே பொருந்தும். நமது ஊர்களில் உண்மையில் ஒளித்து விற்கப்படுவது கசிப்பு என்ற கள்ளச்சாராயம். அது உயிரையே குடிக்கும். குடியால் நொந்த வீடுகளில் சுமை முழுவதும் பெண்களின் தலையில் விழுகிறது. அந்த வீடுகள் எந்தக் காணொளியிலும் வருவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: தேடி வருவது நல்லது, மறைவைக் கொண்டாடுவது தவறு. மறைவு நீங்க உதவினால் இந்தப் பழக்கம் வளரட்டும். மறைவையே விலைபேசினால் அது பழைய ஒதுக்கலுக்குப் புதுச்சட்டை போடுவதாகவே முடியும். தவறணைகளை நடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. பலகை மாட்டுங்கள், விலையை எழுதிவையுங்கள், சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் வையுங்கள், மீன் பொரித்துத் தர இடம் ஒதுக்குங்கள், கள் தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லுங்கள்.

வருகிறவர்களே, கேட்டுப் படம் எடுங்கள், நியாயமான விலை கொடுங்கள், சட்டம் விலக்கியதைக் கேட்காதீர்கள். நீங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் உழைத்துவரும் இடத்துக்கு விருந்தாளியாக வந்திருக்கிறீர்கள். அந்த மதிப்போடு வாருங்கள்.