நாய்கள் நடுவே லேஸ் பின்னல்

ஷெட்லாந்துத் தீவுகளின் ‘ஓல்டு ஷேல்’ லேஸ் வடிவம் 18 கண்ணிகளில் அடங்கிவிடும். முதலில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து மூன்று முறை பின்ன வேண்டும். அடுத்து, ஊசியில் நூலை ஒரு சுற்று போட்டு ஒரு கண்ணி பின்னுவதை ஆறு முறை. முடிவில் மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. சேர்த்ததில் 6 கண்ணி போயிற்று, சுற்றியதில் 6 கண்ணி வந்தது. கணக்கு சரிதான், துணிதான் நேராக நிற்காது. சேர்த்த இடம் உள்வாங்கும், சுற்றிய இடம் துளைவிட்டு விசிறியாக விரியும், அலை அலையாக எழும்பும். இந்த வேலையும் நான்கு வரிசைக்கு ஒரு முறைதான். மற்ற மூன்றும் வெறும் பின்னல். இவ்வளவு சிறிய உழைப்பில் இவ்வளவு அசைவை வேறெந்தப் பின்னலிலும் நான் கண்டதில்லை.

வருடக்கணக்காக மூட்டை கட்டி வைத்திருந்த லேஸ் ஊசிகளைத் திரும்ப எடுத்தது இந்த வடிவத்தை நம்பித்தான். வீட்டில் நான்கு நாய்கள். ஒன்று தாடையை வைக்க வந்தால் சரியாக ஊசிமேல்தான் வைக்கும். இன்னொன்றுக்கு நூற்கண்டு உருண்டால் பொறுக்காது. வாசலில் கூரியர்காரர் வந்தால் நான்கும் என் மடியைத் தாண்டித்தான் ஓடும். சாதாரண ஸ்வெட்டரில் கண்ணி நழுவினால் குரோஷே ஊசியால் தூக்கிக்கொள்ளலாம். லேஸில் நழுவியது கீழே இருக்கும் சுற்றுகளையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கும். எது கண்ணி, எது துளை என்று பிரித்தறிய முடியாது. அதனால் ஒவ்வோர் அலை முடிந்ததும் ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத்தில் ஒரு பருத்தி நூலைக் கோத்துவிடுகிறேன். எது அவிழ்ந்தாலும் அங்கே நின்றுவிடும்.

அதைவிட முக்கியம், கண்ணால் படிக்க முடிகிற வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு வரிசையிலும் துளை விழும் வடிவங்கள் உண்டு. பேரழகு, ஆனால் கதவை அடைத்துக்கொண்டு பின்ன வேண்டியவை. ஓல்டு ஷேலில், எழுந்துபோய் வந்து பார்த்தால், கடைசித் துளைகளுக்கு மேல் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று துணியே காட்டிவிடும். காகிதத்தைத் தேட வேண்டாம். நல்ல லேஸுக்கு என் முதல் அளவுகோல் இது.

ஷெட்லாந்துப் பெண்களுக்கும் பின்னலுக்கென்று ஒதுங்கிய பொழுது வாய்த்ததில்லை. குதிரைமயிர் திணித்துத் துளைகள் இட்ட தோல்பட்டையை இடுப்பில் கட்டி, ஊசியின் ஒரு நுனியை அதில் செருகிக்கொள்வார்கள். அடுப்பெரிக்க வெட்டிய கரிமண் கூடை முதுகில் இருக்க, நடந்தபடியே பின்னினார்கள். வியாபாரிகளோ பணத்துக்குப் பதில் தேயிலையும் துணியும் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள். 1872-ல் அரசு விசாரணை அறிக்கை வெளிவரும் அளவுக்கு அது போனது. கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும் சால்வையை வியக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வியக்க வேண்டும்.

அந்த நுண்ணிய சால்வைகளுக்குப் பேர்போனது வடகோடியிலுள்ள அன்ஸ்ட் தீவு. ஷெட்லாந்து செம்மறி கோடைத் தொடக்கத்தில் தானே உரோமம் உதிர்க்கும். கத்தரிக்காமல், கழுத்தடி மென்மயிரைக் கையாலேயே பறித்து நூற்றார்கள். எங்கள் வீட்டில் முடி உதிரும் காலம் வருடம் முழுக்க. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கோஸ்ட் சாலிஷ் மக்கள் கம்பளி நெய்வதற்கென்றே நாய் வளர்த்தவர்கள்; 1859-ல் இறந்த ‘மட்டன்’ என்னும் அப்படியொரு நாயின் தோல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் படித்த பிறகு, சால்வையில் சிக்கும் ஒன்றிரண்டு வெள்ளை முடிகளை நான் பிடுங்குவதில்லை.

ஊசியிலிருந்து இறங்கும் லேஸ் சுருங்கிக் கசங்கித்தான் இருக்கும். நனைத்து இழுத்துக் காயவைத்தால்தான் துளைகள் திறக்கும். தரையில் மெத்தை விரித்துக் குண்டூசி குத்துவது எங்கள் வீட்டில் நடக்காது. ஷெட்லாந்தில் மரச்சட்டத்தில் நூலால் இழுத்துக் கட்டிச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். அதே மாதிரி ஒன்று செய்யச் சொல்லித் தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறேன், கால்கள் மட்டும் கொஞ்சம் உயரமாக.