டெசௌ நகரத்துப் பௌஹவுஸ் கட்டடம்: ஒரு திறனாய்வு

ஏட்டுக்கல்வி பயில்வோனுக்கு இருக்கையும் வெளிச்சமும் அமைதியும் போதும். கைத்தொழில் பயில்வோன் நிலையோ வேறு. அவன் நடப்பான், குனிவான், பாரஞ் சுமப்பான். அவனுடைய கல்வி மரத்தூளோடும் சாயநீரோடும் சம்மட்டி ஓசையோடும் நிகழ்வது. எனவே, தொழினுட்பக் கல்லூரிக்குக் கட்டடம் வகுப்போன் வகுப்பறைகளைப் பெருக்கிவிட்டு மூலையொன்றிற் பட்டறையை ஒதுக்குவானாயின், அவன் கல்லூரியின் நோக்கத்தையே பிழைபட உணர்ந்தவனாவான். இவ்வழமையை மாற்றிப் பட்டறையையே தலைமையுறுப்பாக வைத்த கட்டடங்களுள் முதன்மையாக எண்ணத்தக்கது, யேர்மனியின் டெசௌ நகரில் 1926ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி திறந்து வைக்கப்பெற்ற பௌஹவுஸ் கட்டடமாகும். அதனை வகுத்தவர் அக்கலாசாலையின் நிறுவுநரும் அதிபருமாகிய வால்ரர் குரோப்பியஸ்.

1919இல் வைமார் நகரில் தோன்றிய இக்கலாசாலை, கலைஞனையும் கைவினைஞனையும் பிரித்து நின்ற சுவரைத் தகர்ப்பதே தன் கடன் எனக் கொண்டது. அரசியற் பகைமையால் 1925இல் வைமாரை விட்டகன்றபோது டெசௌ நகரசபை அதற்கு இடமும் பொருளும் அளித்தது. யூங்கர்ஸ் விமானத் தொழிற்சாலை இயங்கிய நகரம் அது. கைவினையை இயந்திரத்தோடு இணைக்க விழைந்தோர்க்கு உகந்த இடமே. எனினும், நகரசபை அளித்த பொருளோடு ஒரு கடப்பாடும் வந்தது. நகரின் தொழிற்பயிற்சிப் பாடசாலையும் அக்கட்டடத்திலேயே இடம்பெறல் வேண்டும். இச்செய்தியைப் பௌஹவுஸைப் புகழ்வோர் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவர். கட்டடத்தின் குணமும் குறையும் விளங்குவதற்கு அதுவே திறவுகோல்.

கட்டடம் சில சிறகுகளாகப் பிரிந்து விரிகின்றது. ஒரு சிறகில் பட்டறைகள். எதிரே தொழிற்பயிற்சிப் பாடசாலை. வீதிக்கு மேலாக இரண்டையும் தொடுக்கும் ஈரடுக்குப் பாலம். பட்டறைச் சிறகின் மறுபுறம் தாழ்ந்த பகுதியொன்றில் மண்டபமும் மேடையும் உணவுச்சாலையும் உள்ளன. அதற்கும் அப்பால் மாணாக்கர் உறைந்து பணிபுரிதற்கான 28 அறைகளைக் கொண்ட ஐந்தடுக்கு மனை. முகப்பு என ஒன்றைச் சுட்டுதல் இயலாது. சுற்றி நடந்தே கட்டடத்தை அறிதல் வேண்டும்.

பட்டறைச் சிறகின் புகழ் அதன் கண்ணாடிச் சுவரைப் பற்றியது. பாரந் தாங்கும் கொங்கிறீற்றுத் தூண்கள் உட்புறமாகப் பின்வாங்கி நிற்க, உருக்குச் சட்டங்களிற் பதிந்த கண்ணாடி, மாடிகளை மறைக்கும் திரைபோல அவற்றின்முன் தொங்குகின்றது. தூணற்ற மூலையிற் கண்ணாடியோடு கண்ணாடி கூடும் காட்சி பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் கண்ணைக் கவர்ந்தது. ஆயின் பட்டறையில் நிற்போன் கண்கொண்டு நோக்குதலே ஈண்டு முறை. தச்சனுக்கும் நெய்வோனுக்கும் பகலொளி இன்றியமையாதது. அறையின் உட்பகுதிவரை அது பரவும்படி செய்தமை இச்சுவரின் மெய்யான வெற்றி. தோல்வியும் அதனிடத்தேயே உண்டு. ஒற்றைக் கண்ணாடி கோடையில் வெயிலை உள்ளே சிறைப்படுத்தியது; மாரியிற் சூட்டை வெளியே கசியவிட்டது. உடல் வருந்தி உழைப்போர்க்கு இது சிறு குறையன்று. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு உழைப்பைக் காட்சிப்பொருளாக்கும் ஆர்வம், உழைப்போரின் சுகத்தைச் சற்றே மறந்துவிட்டது எனல் தகும்.

பட்டறைகளை அடுக்கிய முறை கூர்ந்து நோக்கற்பாலது. அச்சகமும் சாயச்சாலையும் நிலவறையில் அமைந்தன. நீரும் பாரமும் கீழே நிற்பது நியாயமே. அதற்குமேல் தச்சுப் பட்டறை; அதற்கும்மேல் நெசவும் புகுமுக மாணாக்கரின் பயிற்சியறைகளும்; மேன்மாடியில் சுவரோவியமும் உலோக வேலையும். மரப்பலகைகள் நிலமட்டத்தை ஒட்டி இறங்கத்தக்கதாக இருக்க, உலோகமோ மாடிப்படி ஏறவேண்டியதாயிற்று. தறியின் ஒழுங்கான ஓசைக்கு மேலே சம்மட்டியோசையை வைத்தது ஏன் என்பதற்குக் கட்டடத்தில் விடை காணப்படவில்லை.

இவற்றினும் சிறந்த செய்தி வேறொன்று. கட்டடத்தின் விளக்குகள் உலோகப் பட்டறையில் தோன்றின. மண்டபத்தின் உருக்குக் குழாய் இருக்கைகள் மார்சல் புறொயர் வகுத்தவை. உட்சுவர்களின் வண்ணத் திட்டம் ஹின்னெர்க் ஷேப்பரின் சுவரோவியப் பட்டறையைச் சார்ந்தது. இவ்விருவரும் அக்கலாசாலையிலேயே பயின்று ஆசிரியராக உயர்ந்தோர். பயிற்சிக்கெனச் செய்து களையும் மாதிரிகளல்ல இவை. செய்தோர் நாள்தோறும் அமர்ந்தும் ஒளியேற்றியும் சோதித்தறிந்த பொருள்கள். ஆட்டங்காணும் கதிரையொன்று எந்த ஆசிரியரினும் கண்டிப்பாகத் தச்சனுக்குப் பாடம் புகட்டும். செயல்வழிக் கல்விக்கு இதனிலும் உறுதியான ஏற்பாடு அரிது.

ஆனாற் கட்டடத்தை வகுக்கும் பணி அதிபரின் சொந்த அலுவலகத்திலேயே நடந்தது. கட்டடக்கலைக்கு எனத் தனிப்பிரிவு அக்கலாசாலையில் 1927இலேயே, ஹான்னெஸ் மேயரின் பொறுப்பில், ஏற்பட்டது. கட்டடமே எல்லாக் கலைகளின் முடிவென முழங்கிய கலாசாலையில், மாணாக்கர் விளக்கைச் செய்தனர். விளக்குத் தொங்கும் கூரையைப் பிறர் வகுத்தனர். மேயர் அதிபரானபின் நிலைமை மாறியது. 1930இல் முற்றுப்பெற்ற டெசௌ-டோர்ட்டன் குடியிருப்பு மனைகளும், பேர்ணௌவில் 1928இற்கும் 1930இற்கும் இடையில் எழுந்த தொழிற்சங்கக் கலாசாலையும் மாணாக்கரின் பங்குபற்றுதலோடு உருவாயின. கண்ணாடிச் சுவரின் கவர்ச்சி அவற்றிற்கு இல்லை. கற்பித்தல் முறையில் அவை ஒரு படி முன்னே நிற்கின்றன.

பாலத்தைப் பற்றிய குறை இன்னும் ஆழமானது. ஒருபுறம் புதுமை நாடும் கலாசாலை. மறுபுறம் நகரத்துத் தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் பாடசாலை. இரண்டையும் இணைக்கும் பாலத்தில் பொதுப் பட்டறையொன்று அமைந்திருப்பின் என்னென்ன விளைந்திருக்கும்! அங்கு அமைந்தவையோ கீழே நிருவாக அலுவலகம், மேலே அதிபரின் கட்டடக்கலை அலுவலகம். எதிர்ச் சிறகிற்குக் கண்ணாடித் திரையும் இல்லை. சாதாரண யன்னல் வரிசைகளே. கைவினைஞனையும் கலைஞனையும் ஒன்றாக்க வந்தோர், தம் அயலில் இருந்த மெய்யான கைவினைஞர் பாடசாலையை வீதிக்கு அப்பால் நிறுத்திவிட்டனர்.

1932இல் நாசிகளின் ஆதிக்கத்தில் இருந்த நகரசபை டெசௌவிற் கலாசாலையை மூடியது. பேர்லினிலும் 1933இல் அது முடிவெய்தியது. 1945 மார்ச்சுக் குண்டுவீச்சிற் கண்ணாடிச் சுவர் அழிந்தது; 1976இல் மீண்டும் அமைக்கப்பட்டது; 1996இல் ஐக்கிய நாடுகள் கல்வி விஞ்ஞான பண்பாட்டு நிறுவனம் கட்டடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று அங்கே செல்வோர் காண்பது பெரிதும் பழுது நீக்கிய வடிவம். பயில்வோரின் சம்மட்டியோசை ஓய்ந்த மாடிகளில் ஒளி மட்டும் முன்போலவே நிறைந்து நிற்கின்றது.